காலிப் பெட்டி கணக்கில் வராது

அன்புராஜின் மகள் அருள்மொழிக்குப் பன்னிரண்டு வரை எண்ணத் தெரியும். பாகூர் ஏரிக்கு மேற்கே இருக்கும் சித்தேரிப்பேட்டையில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். வில்லியனூரில் இருக்கும் முதற்படி இயக்க அலுவலகத்துக்குத்தான் தெரியாது. அதை அவர்களுக்குத் தெரியப்படுத்துவதற்குள் அன்புராஜுக்குத் தாவு தீர்ந்துவிட்டது.

அன்புராஜ் வீடுவீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவன். பழைய ஆட்டோ ஒன்றின் பின்சீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு நடைக்குப் பன்னிரண்டு கேன் ஏற்றுவான். பிளான்ட்டில் நிரப்பிக்கொண்டு வந்த கேனும், வீடுகளிலிருந்து திரும்பிய காலிக் கேனும் வாசலில் கலந்து கிடக்கும். எல்லாம் வெயில் பட்டுப் பட்டு வெள்ளையாக மங்கிப்போனவை. பார்த்தால் தெரியாது, தட்டினால் தெரியும். கண்ணாடி போட்டும் அருள்மொழிக்குப் பார்வை கொஞ்சம் மட்டுதான், ஆனால் கையில் ஒரு குறையும் இல்லை. காலையில் எழுந்ததும் ஓடிவந்து உள்ளங்கையால் கேனில் ஓர் அறை விடுவாள். 'தொப்' என்றால் "ஒண்ணு." அடுத்ததும் 'தொப்' என்றால் "ரெண்டு." 'டங்' என்று கேட்டால் "காலி" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். காலி கணக்கில் வராது என்பது கேன் தொழிலின் முதல் சட்டம். அதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அப்பன் செய்வதைப் பார்த்துத் தானே பிடித்துக்கொண்டாள்.

அவள் பிறந்தபோதே டாக்டர் டவுன் சிண்ட்ரோம் என்று சொல்லிவிட்டார். எல்லாம் கொஞ்சம் மெதுவாக வரும் என்றார். மெதுவாகத்தான் வந்தது, ஆனால் வந்தது. ஏழு வயதில் முதல் வகுப்பு. எழுத்தும் கேனிலிருந்துதான். எந்தக் கேன் எந்த வீடு என்று குழம்பாமல் இருக்க, வீட்டுக்காரர் பேரின் முதல் எழுத்தை அன்புராஜ் சிவப்புப் பெயின்ட்டில் எழுதிவைத்திருந்தான். 'ரா' என்றால் ராமு வீடு. 'தை' என்றால் தையலம்மாள் வீடு. இப்படி ஒன்பது எழுத்து அவளுக்கு அத்துப்படி.

பள்ளிக்கூடம் என்றால் அவளுக்கு உயிர். முதல் வகுப்பில் மொத்தம் பன்னிரண்டு பிள்ளைகள். காலையில் வரிசையில் நிற்கும் பிள்ளைகளின் முதுகை ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணுவாள். பதினொன்றில் போய் நின்றுவிடும். "இன்னும் ஒண்ணு எங்கடி?" என்று டீச்சர் கேட்டால் திருதிருவென விழித்துக்கொண்டு திரும்பவும் முதலிலிருந்து தட்டுவாள். தன்னையும் எண்ண வேண்டும் என்பது மட்டும் அவளுக்குப் பிடிபடவே இல்லை.

ஜனவரி மாதம் முதற்படி இயக்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. கூடுதல் தேவையுள்ள சிறு குழந்தைகளை எழுத்திலும் எண்ணிலும் முதல் படி ஏற்றிவிடுவதற்காக ஆரம்பிக்கப்பட்ட இயக்கம் அது. பிப்ரவரி கடைசிக்குள் நடக்கும் மதிப்பீட்டில் குழந்தை தேற வேண்டும், தேறாவிட்டால் அது 'இல்லம் நாடும் கல்வி'க்கு மாற்றப்படும் என்று கடிதம் மகிழ்ச்சியோடு தெரிவித்தது. அதாவது குழந்தை பள்ளிக்கூடம் வர வேண்டியதில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒருவர் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவார்.

"வூட்டுல குந்தவெக்கிறதுக்கு இன்னா பேரு வெச்சிருக்கான் பாரு" என்றாள் அவன் மனைவி கஸ்தூரி. "நீ போய் அந்த ஆபீசுல நேரா கேட்டுட்டு வா. எம்பொண்ணு பதினோரு புள்ளிங்களோட குந்தி சோறு துன்றா. அவள தனியா வூட்டுல போட்டா பேச்சே நின்னுபூடும்."

இயக்குநர் விஜயராஜ் அன்புராஜை உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, முக்கால் மணி நேரம் பேசினார். நல்ல மனிதர். குழந்தை என்ற சொல்லை உச்சரிக்கும்போதெல்லாம் குரல் தழுதழுத்தது.

"உங்க பொண்ணுக்குன்னே ஒரு பெட்டி வந்திருக்கு. மணி, குச்சி, மர எழுத்து, துணி பொம்மைன்னு மொத்தம் நூத்தியேழு பொருள். தொட்டுத் தொட்டுக் கத்துக்கலாம். தொடுதல்தான் எங்க தத்துவம்."

"ரொம்ப சந்தோசம் சார். அத குடுத்தீங்கன்னா..."

"இன்னும் திறப்பு விழா ஆகலை."

"பெட்டி எப்ப வந்துச்சு சார்?"

"ஜூன் மாசம். பாருங்க, பெட்டியைப் பிரிச்சா பொருள் தொலையும். பொருள் தொலைஞ்சா திட்டம் கெடும். திட்டம் கெட்டா குழந்தைங்க எதிர்காலம் என்ன ஆகறது? அதனாலதான் குழந்தைங்க நன்மைக்காக, குழந்தைங்க கை படாம காப்பாத்திட்டு வரோம்."

நாய் பெற்ற தெங்கம்பழம், தானும் தின்னாது பிறரையும் தின்னவிடாது என்று ஒரு பழமொழி உண்டு. அன்புராஜுக்கு அது நினைவுக்கு வந்தது. ஆனால் டீ குடித்த வீட்டில் அதைச் சொல்லக் கூடாது என்று விட்டுவிட்டான்.

மதிப்பீட்டுக்குப் படிவம் ஏழு நிரப்ப வேண்டும் என்றார் இயக்குநர். குழந்தையின் சுயமரியாதையை முன்னிட்டு, படிவத்தைக் குழந்தையே தன் கையால் நிரப்ப வேண்டும். பெற்றோர் உதவக் கூடாது.

"சார், அவளுக்கு அவ்ளோ எழுதத் தெரிஞ்சா நான் இன்னாத்துக்கு சார் இங்க வரேன்?"

"எழுதத் தெரியலைன்னா அதுக்குப் படிவம் எட்டு இருக்கு. 'எனக்கு எழுதத் தெரியாது' அப்படின்னு எழுதி, கையெழுத்துப் போடணும்."

"அத யாரு சார் எழுதறது?"

"குழந்தைதான்."

"கைநாட்டு வெச்சா ஆவாதா சார்?"

இயக்குநர் நொந்துபோனார். "எழுத்தறிவு இயக்கத்துல கைநாட்டா? மேலிடத்துல பார்த்தா என்ன நினைப்பாங்க?"

நல்லவேளையாக வெளியே வந்தபோது அலுவலகக் குமாஸ்தா கண்ணைக் காட்டினார். படிவம் எட்டை வாங்கிக்கொண்டு, பேனாவை இடது கைக்கு மாற்றி, நாக்கைக் கடித்துக்கொண்டு, 'எனக்கு எழுதத் தெரியாது, அருள்மொழி' என்று கோணல்மாணலாக எழுதினார். அன்றைக்கு அது அவருக்கு ஒன்பதாவது படிவம். "குழந்தைங்க கையெழுத்து மாசத்துக்கு மாசம் நல்லா வருதுன்னு டைரக்டர் போன வாரம்கூட மீட்டிங்ல பாராட்டினாரு" என்று இடது கையை உதறிக்கொண்டே சொன்னார்.

அடுத்த வாரம் முன்மதிப்பீடு. ஒருங்கிணைப்பாளர் ஜெயசுதா டேப்லெட்டோடு பள்ளிக்கு வந்தார். கூடவே சிறப்பு ஆசிரியை உஷாராணி. அந்தப் பெண் பதினான்கு பள்ளிகளுக்கு ஒரே ஆள், பாதி வாழ்க்கை ஸ்கூட்டியிலும் மீதி வாழ்க்கை டேப்லெட்டிலும் கழிந்துகொண்டிருந்தது. தொடுதல் தத்துவத்துக்கான பெட்டி இன்னும் திறக்கப்படாததால், அதுவரை அட்டையில் அச்சடித்த படங்களைத் தொட்டுக்கொள்ளலாம் என்று சுற்றறிக்கை வந்திருந்தது.

ஜெயசுதா மூன்று மாம்பழம் போட்ட அட்டையை நீட்டினார். "பாப்பா, எத்தனை மாம்பழம்?"

அருள்மொழி அட்டையைத் தட்டிப் பார்த்தாள். திருப்பிப் பின்பக்கமும் தட்டினாள். "காலி" என்றாள்.

டேப்லெட்டில் சரி, தவறு, பதில் இல்லை என்று மூன்று கட்டங்கள்தான் இருந்தன. ஜெயசுதா கொஞ்சம் யோசித்து 'பதில் இல்லை'யை அழுத்தினார்.

பிறகு 'சி' எழுத்து அட்டை. ஓரத்தில் பிடரிமயிரோடு ஒரு சிங்கம். அருள்மொழியின் முகம் மலர்ந்துவிட்டது. "சின்னப்பிள்ளை வூடு" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டு" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே நின்ற அன்புராஜ் பொறுக்க முடியாமல் சொன்னான். "மேடம், சரியாதான் சொல்றா மேடம். சின்னப்பிள்ளை அத்த வூட்டுக்கு டெய்லி ரெண்டு கேன் போடறோம்."

"சரியான விடை சிங்கம்" என்றார் ஜெயசுதா.

"எங்க ஊர்ல சிங்கத்துக்குத் தண்ணி போடறது இல்லயே மேடம்."

'தவறு' என்ற கட்டத்தில் விரல் விழுந்தது. உஷாராணி தலையைக் குனிந்துகொண்டு தன் டேப்லெட்டில் ஏதோ ஏற்றுகிற பாவனையில் இருந்தாள். போகும்போது ஸ்கூட்டியை உதைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள். "அவளுக்கு எல்லாம் தெரியும்ணா. அதை எழுதறதுக்குத்தான் எங்ககிட்ட எடம் இல்ல."

அன்றைக்கு அன்புராஜுக்குச் சோறு இறங்கவில்லை. பதினொரு பிள்ளைகள் போகிற பள்ளிக்கூடத்தை மகள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பதே கண்முன் வந்துகொண்டிருந்தது.

சட்டம் எப்போதும் ஏழையைக் கைவிடாது. பெட்டியைக் கொண்டுதான் மதிப்பீடு செய்ய வேண்டும் என்று ஒரு விதி. விழா நடக்காமல் பெட்டியைத் தொடக் கூடாது என்று இன்னொரு விதி. பிப்ரவரி தாண்டக் கூடாது என்று மூன்றாவது விதி. மூன்றையும் ஒரே கல்லில் அடிக்க, பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதி விழாவும் மதிப்பீடும் சேர்த்தே நடக்கும், விழா மேடையிலேயே ஒரு குழந்தை எண்ணிக் காட்டும் என்று இயக்குநர் முடிவெடுத்தார். விழா சித்தேரிப்பேட்டைப் பள்ளியில். ஆகவே குழந்தை அருள்மொழி.

முதல் நாள் ஜெயசுதா போன் செய்தார். "கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். மேடையில எத்தனை பெட்டின்னு சார் கேப்பாரு. பத்துன்னு சொல்லணும். முன்மதிப்பீட்டை மறந்துடலாம், இது சரியா வந்தா முதற்படி தேறிட்டான்னு போட்டுடறோம். தப்பா வந்தா எங்க கையில ஒண்ணுமில்ல."

அன்புராஜுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. அன்று சாயங்காலமே பத்துக் கேனை நிரப்பி வாசலில் வரிசையாக வைத்தான். அருள்மொழி தட்டித் தட்டி எண்ணினாள். "பத்து." ஐந்து தடவை எண்ணச் சொன்னான். ஐந்து தடவையும் பத்து. ஆறாவது தடவை அவளுக்கு அலுத்துப்போய் அப்பன் முதுகில் ஓர் அறை விட்டாள்.

விழா நாளில் பந்தலுக்குத் தண்ணீரும் அன்புராஜ்தான் போட்டான். பத்துப் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் நீண்ட மேசை, அதன்மேல் பத்துத் தகரப் பெட்டிகள். மூடியில் யானை, மயில், சூரியன். குறுக்கே சிவப்பு ரிப்பன். பள்ளிக்கு ஒன்று. 'நூற்றியேழு பொருட்களும் சரிபார்த்து, குறைவின்றிப் பெற்றுக்கொண்டேன்' என்று பத்துப் பேரும் காலையிலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

விஜயராஜ் ஐம்பது நிமிடம் பேசினார். "ஒரு குழந்தை ஒரு மணியைத் தொடும்போது இந்தத் தேசத்தின் இதயத்தைத் தொடுகிறது. ஒன்பது மாதம் நாங்கள் இந்தப் பெட்டிகளைக் கண்ணும் கருத்துமாகக் காத்தோம். ஒரு மணிகூடத் தொலையவில்லை என்பதைப் பெருமையோடு சொல்வேன். ஏன் தொலையவில்லை? ஒரு குழந்தைகூட இன்னும் தொடவில்லை. இதுதான் நிர்வாகம்." கைதட்டல் வந்தது. வெயிலில் உட்காரவைத்த பிள்ளைகளில் இரண்டு தூங்கிவிட்டன.

ரிப்பன் வெட்டியானது. அருள்மொழியை மேடையேற்றினார்கள். கஸ்தூரி அவளுக்கு இரட்டைப் பின்னல் போட்டு, மல்லிகைப்பூ வைத்து, கண்ணாடியை முந்தானையில் துடைத்துப் போட்டுவிட்டிருந்தாள். விஜயராஜ் குனிந்து மைக்கை அவள் பக்கம் நீட்டினார்.

"செல்லம், இங்க எத்தனை பெட்டி இருக்கு? எண்ணிச் சொல்லுங்க பார்க்கலாம்."

அருள்மொழி முதல் பெட்டிக்குப் போனாள். உள்ளங்கையால் ஓர் அறை. 'டங்.'

"காலி" என்றாள்.

மைக் நல்ல மைக். பந்தல் முழுக்கக் கேட்டது. அவள் நிதானமாக அடுத்த பெட்டிக்குப் போனாள். 'டங்.' "காலி." மூன்றாவது, "காலி." நான்காவது, ஐந்தாவது, ஆறாவது. முன்வரிசையில் ஒரு தலைமையாசிரியர் பந்தலின் தோரணத்தை ஆராயத் தொடங்கினார். இன்னொருவர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தார். ஏழாவது பெட்டியில் 'தொப்' என்றது. அருள்மொழி சிரித்தாள்.

"ஒண்ணு."

மிச்சம் மூன்றும் 'டங்.' கடைசிப் பெட்டி தாண்டியதும் திரும்பி, கூட்டத்தைப் பார்த்து, தெளிவாக விடையைச் சொன்னாள். "ஒண்ணு."

ஜெயசுதா மைக்கை வாங்கினார். "குழந்தை கொஞ்சம் பயந்துட்டா. விடை தவறு. பரவாயில்ல, இல்லம் நாடும் கல்வியில..." என்று டேப்லெட்டில் விரலைக் கொண்டுபோனார்.

"மேடம், ஒரு நிமிசம்."

அன்புராஜ் எப்படி மேடையேறினான் என்று அவனுக்கே தெரியாது. தோளில் அப்போதுதான் இறக்கிய கேனின் ஈரம். "என் பொண்ணு தப்பா எண்ண மாட்டா மேடம். நேத்து அஞ்சு வாட்டி எண்ணுனா." முதல் பெட்டியின் கைப்பிடியில் சுண்டுவிரலைக் கொடுத்துத் தூக்கினான். பெட்டி வந்துவிட்டது. "நான் தெனம் இருவது கிலோ கேன் தூக்கறவன் சார். கனம் எனக்குத் தெரியாதா. பெட்டிய தொறந்து பாத்துடலாம். பத்தும் ரொம்பி இருந்துச்சுன்னா எம்பொண்ணு சொன்னது தப்பு. நானே அவள வூட்டுக்கு இட்டுகினு போயிடறேன், இந்தப் பக்கமே வர மாட்டேன்."

நூற்றியேழு பொருட்களில் எதுவும் திருட்டுப் போகவில்லை, அப்படிப் பழி சொல்வது பாவம். பெட்டிப் பொருட்கள் எல்லாம் வில்லியனூர் அலுவலகத்து பீரோவில் பத்திரமாக இருந்தன. பள்ளிக்கு அனுப்பினால் பிள்ளைகள் எடுத்து விளையாடிவிடுவார்களோ என்ற முன்யோசனையில், விழாவுக்குப் பெட்டியை மட்டும் அனுப்பியிருந்தார்கள். இதை ஜெயசுதா இயக்குநரின் காதில் சொன்னார். இயக்குநருக்கும் அது தெரியும், அவர் போட்ட உத்தரவுதான்.

திறந்தால் ஒன்பது கையெழுத்து பொய். திறக்காமல் தவறு என்று போட்டால், இந்தத் தண்ணிக்காரன் சுண்டுவிரலை இறக்க மாட்டான் போலிருக்கிறது. "சார், ராகு காலம் பொறந்துடுச்சு, இப்ப பெட்டி தொறக்கறது நல்லதில்ல" என்று முன்வரிசையிலிருந்து ஒரு தலைமையாசிரியர் உதவிக்கு வந்தார். பந்தலில் பின்னால் நின்ற பெண்கள் கிட்டே நகர்ந்து வந்தார்கள். "தொறந்துதான் காட்டேன்யா" என்றாள் தையலம்மாள். அருள்மொழி மட்டும் ஏழாவது பெட்டியின்மேல் கையை வைத்துக்கொண்டு, இதை எப்போது வண்டியில் ஏற்றுவார்கள் என்று காத்திருந்தாள்.

விஜயராஜ் தொண்டையைச் செருமினார். இருபத்தாறு வருட அனுபவம் சும்மா போகுமா?

"அன்புக்குரிய பெரியோர்களே. பத்துப் பெட்டியைப் பத்து என்று பார்ப்பது சாதாரணக் கண். பத்தையும் ஒரே தொகுப்பாகப் பார்ப்பது கணிதக் கண். இந்தச் சின்னஞ்சிறு குழந்தை 'ஒன்று' என்று சொல்லி நம்மையெல்லாம் வியக்கவைத்துவிட்டாள். இது முதற்படி விடை அல்ல. எங்கள் கையேட்டின்படி இது மூன்றாம்படி. குழந்தை அருள்மொழி முதல் இரண்டு படிகளையும் ஒரே தாவில் தாண்டிவிட்டாள் என்று இந்த மேடையில் அறிவிக்கிறேன்."

முன்வரிசைதான் எல்லாரையும்விட ஓங்கிக் கைதட்டியது. ஒன்பது பேர் எழுந்து நின்றே தட்டினார்கள்.

அன்புராஜுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "தேறிட்டாளா சார்?" என்று மட்டும் கேட்டான்.

"தாண்டிட்டா" என்றார் இயக்குநர், நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

பெட்டிகள் அன்றைக்கே திரும்ப வேன் ஏறின. ஏழாவது மட்டும் கனமாக இருந்ததால் டிரைவர் விட்டுவிட்டுப் போய்விட்டார். மறுநாள் உஷாராணி அதைத் திறந்து பார்த்தாள். ஒரு மணி இல்லை, ஒரு குச்சி இல்லை. 'பெட்டியிலுள்ள பொருட்களைப் பயன்படுத்தும் வழிகாட்டி' என்ற புத்தகம் மட்டும் நாற்பது பிரதி இருந்தது.

"அண்ணா, ஒரு விஷயம்" என்று அவள் அன்புராஜிடம் வந்தாள். "மூணாம்படி குழந்தைக்குச் சிறப்பு உதவி தேவையில்லன்னு அவ பேரை என் லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டாங்க."

அன்புராஜின் முகம் சுண்டிவிட்டது. "அப்ப இனிமே வர மாட்டியாம்மா?"

"கேளுங்க. லிஸ்ட்ல இருந்தா ஒரு குழந்தைக்கு நாப்பது நிமிஷம். அதுல முப்பத்தஞ்சு நிமிஷம் டேப்லெட்ல ஏத்தணும், போட்டோ புடிக்கணும். இப்ப அவ லிஸ்ட்லயே இல்ல. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. எப்படியும் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வரத்தான் போறேன். நாப்பது நிமிஷமும் அவகூட குந்திக்கறேன்."

அப்படியே செய்தாள். மார்ச் மாதம் முழுக்க, புளியமர நிழலில், அன்புராஜ் கொடுத்த கேன் மூடிகளையும் சிவப்புப் பெயின்ட்டையும் வைத்துக்கொண்டு, எந்தப் படிவமும் நிரப்பாமல் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தாள். இந்த வேலையில் சேர்ந்த பிறகு பாடம் நடத்துவது இதுதான் முதல் தடவை என்று கஸ்தூரியிடம் சொல்லிச் சிரித்தாளாம்.

இயக்கமும் சும்மா இருக்கவில்லை. 'இனி மதிப்பீட்டின்போது குழந்தைகள் பெட்டிகளைத் தட்டக் கூடாது, பார்வையால் மட்டுமே எண்ண வேண்டும். மூன்றடி இடைவெளி கட்டாயம்' என்று சுற்றறிக்கை வந்தது. தொடுதலே நமது தத்துவம் என்று அதன் தலைப்பில் அச்சடித்திருந்தது.

மார்ச் கடைசியில் ஒரு காலை, பள்ளிக்குக் கேன் போட வந்த அன்புராஜ் வாசலிலேயே நின்றுவிட்டான். வழிபாட்டு வரிசையில் அருள்மொழி முதுகுகளைத் தட்டிக்கொண்டே போனாள். ஒன்பது, பத்து, பதினொண்ணு. வரிசை முடிந்துவிட்டது.

"இன்னும் ஒண்ணு எங்கடி?" என்றார் டீச்சர், வழக்கம்போல.

அருள்மொழி திரும்பி வரிசையைப் பார்த்தாள். தன் உள்ளங்கையைப் பார்த்தாள். உஷாராணி மரத்தடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அருள்மொழிக்கு எல்லாமே கொஞ்சம் மெதுவாகத்தான் வரும். பிறகு கையை ஓங்கித் தன் நெஞ்சிலேயே ஓர் அறை விட்டாள்.

தொப்.

"பன்னெண்டு" என்றாள்.